ஒரு கொசு கற்றுக்கொடுத்த பாடம்

கொசு என்றவுடன் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும், வாசகர்களே? கொசுவலை, கொசுவத்தி, புகை மருந்து அடிக்க வரும் சுகாதார இலாகாக்காரர்கள், டிங்கிக் காய்ச்சல்... தோட்டத்தில் இருந்தாலும் சரி, பட்டணத்தில் இருந்தாலும் சரி, விளக்கு வைக்கும் நேரத்தில் காதருகே அது பாடும் பாட்டைக் கேட்காதவர் நம்மில் யாருமே இல்லை.

அப்படிப்பட்ட அற்பக் கொசு ஒன்று, நூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஓர் ஆகாய விமானத்தையே தரையில் வீழ்த்திவிட்டது என்றால் நம்புவீர்களா? அது மட்டுமா! அன்று அந்த விமானத்தில் இருந்த இளைஞரின் மனத்தில் அந்தக் கொசு ஒரு கேள்வியை விதைத்துவிட்டுப் போனது. அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைதான் இன்று கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் விமானம் ஏறுகிற நம் ஒவ்வொருவருக்கும் உயிர்க் காவலாக இருந்து வருகிறது.

அந்த இளைஞரின் பெயர் இகோர் சிகோர்ஸ்கி. அவர் கட்டிய விமானத்தின் பெயர் 'ருஸ்கி வீத்யஸ்'. 'ருஷ்ய வீரன்' என்பது அதன் பொருள். அந்த வீரன் பிறந்த கதையையும், அவன் முடிந்த விதத்தையும் சொல்கிறோம், கேளுங்கள்.

கனவு கண்ட சிறுவன்

சிகோர்ஸ்கி 1889-ஆம் ஆண்டு கீவ் நகரில் பிறந்தார். இன்று அது உக்ரேன் நாட்டின் தலைநகர். அன்றோ ருஷ்யப் பேரரசின் பெரிய நகரங்களில் ஒன்று. தகப்பனார் மனோதத்துவப் பேராசிரியர். தாயார் மருத்துவம் படித்தவர். ஆனால் தொழில் செய்யாமல் பிள்ளைகளை வளர்ப்பதிலேயே கருத்தாக இருந்தவர்.

அந்தத் தாய் தன் கடைசிப் பிள்ளைக்கு வெறும் ராஜா ராணிக் கதைகளைச் சொல்லவில்லை. நானூறு ஆண்டுகளுக்கு முன் இத்தாலியில் வாழ்ந்த லெயோனார்டோ டாவின்சி என்ற ஓவியர், பறக்கும் இயந்திரங்களைப் படமாக வரைந்து வைத்திருந்தாரே, அந்தக் கதையைச் சொன்னார். சிறுவனின் கண்கள் விரிந்தன. பன்னிரண்டு வயதில், ரப்பர் வளையத்தை முறுக்கி விட்டால் மேலே எழும்பும் சின்னஞ்சிறு ஹெலிகாப்டர் பொம்மை ஒன்றைத் தானே செய்துவிட்டான்! ஆம், அது அன்று யாருமே உண்மையில் கண்டிராத ஒரு வாகனம்.

அதற்கும் சற்று முன்னால், ஏறத்தாழப் பதினோரு வயதில், அவன் ஒரு கனவு கண்டான். நீண்ட குறுகலான நடை. இரு பக்கமும் அழகிய மரக்கதவுகள். காலடியில் மெத்தென்ற கம்பளம். மேலே இலேசான நீல விளக்கொளி. காலுக்குக் கீழே மெல்லிய அதிர்வு. 'இது கப்பல் அல்ல, வானத்தில் பறக்கும் மாளிகை' என்று கனவிலேயே அவனுக்குப் புரிந்ததாம். இந்தக் கனவைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

விழுந்து விழுந்து எழுந்தவர்

1903-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் முதன்முதலாக விமானத்தில் பறந்தார்கள். அந்த முதல் பறப்பு பன்னிரண்டு வினாடிகளே நீடித்தது. 1908-ல் தகப்பனாருடன் ஜெர்மனிக்குப் போயிருந்த சிகோர்ஸ்கி, அந்தச் சகோதரர்களைப் பற்றிய செய்தியைப் பத்திரிகையில் படித்தார். அந்த நொடியே தன் வாழ்க்கை எதற்காக என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் கையில் காசு வேண்டுமே? அக்காள் ஓல்கா பணம் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு 1909-ல் பாரிஸுக்குப் போய் ஓர் இயந்திரத்தை வாங்கி வந்தார். வீட்டிலேயே ஹெலிகாப்டர் ஒன்றைக் கட்டினார். அது எழும்பவில்லை. மறு ஆண்டு இன்னொன்றைக் கட்டினார். அது தன் எடையைத் தானே தூக்கியது. ஆனால் ஓர் ஆளைத் தூக்கச் சக்தியில்லை. 'இதற்குக் காலம் இன்னும் வரவில்லை' என்று அதை ஓரமாக வைத்துவிட்டு, இறக்கை வைத்த விமானத்தின் பக்கம் திரும்பினார்.

முதல் விமானம் பறக்கவில்லை. இரண்டாவது விமானம் 1910 ஜூன் மாதத்தில் பறந்தது. எவ்வளவு நேரம் தெரியுமா? அதுவும் பன்னிரண்டே வினாடி! சில நாட்களில் அதுவும் விழுந்து நொறுங்கியது. மூன்றாவதும் நொறுங்கியது. இப்படி ஒவ்வொன்றாக விழுவதும், விழுந்ததிலிருந்து இயந்திரத்தைப் பெயர்த்தெடுத்து அடுத்ததைக் கட்டுவதுமாக நாட்கள் போயின. பெற்ற பிள்ளையின் மேல் வைத்த நம்பிக்கையால், அந்தக் குடும்பமும் பணத்தைக் கொடுத்துக்கொண்டே இருந்தது. அக்கம்பக்கத்தார் என்ன பேசியிருப்பார்கள் என்று நாம் சொல்லத் தேவையில்லை!

1911-ஆம் ஆண்டு ஐந்தாவது விமானம் வந்தது. அதன் பெயர் 'எஸ்-5'. ஐம்பது குதிரைசக்தி கொண்ட இயந்திரம் அதற்கு. இது நன்றாகவே பறந்தது. இதை வைத்துத்தான் சிகோர்ஸ்கி விமானியாவதற்குரிய உரிமமும் பெற்றார். ஊர் ஊராகச் சென்று பறந்து காட்டவும் தொடங்கினார். துன்பம் தீர்ந்தது என்று எண்ணியிருந்த வேளையில்தான், நம் கதாநாயகனான கொசு வந்து சேர்ந்தது.

பெட்ரோலில் விழுந்த கொசு

பறந்துகொண்டிருந்த போது இயந்திரம் திடீரென்று நின்றது. விமானம் உயரத்தில் அதிகம் இல்லை. இறங்க இடம் தேடவும் நேரம் இல்லை. கீழே ஒரு பக்கம் கல்சுவர். மறு பக்கம் ரயில் பெட்டிகள். இரண்டுக்கும் நடுவே இருந்த குறுகிய இடத்தில் விமானத்தை இறக்கினார் சிகோர்ஸ்கி. விமானம் நொறுங்கியது. அவர் பிழைத்துக்கொண்டார்.

பிறகு இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்தார்கள். பெட்ரோலில் ஒரு கொசு விழுந்திருக்கிறது. அது பெட்ரோலோடு போய்க் கார்புரேட்டரின் துளையில் அடைத்துக்கொண்டது. எண்ணெய் போகவில்லை, இயந்திரம் நின்றுவிட்டது. அவ்வளவுதான் சங்கதி!

மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும். கார்புரேட்டர் என்பது பெட்ரோலையும் காற்றையும் கலந்து இயந்திரத்துக்கு அனுப்பும் பாகம். அதில் பெட்ரோல் வருகிற துளை ஊசித் துளை போன்றது. சிறு தூசி அடைத்தால்கூடப் போதும், வண்டி இருமும், திணறும், நின்றுவிடும். நாம் என்ன செய்வோம்? இறங்கி, மண்சாலை ஓரமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், நிழலில் நிறுத்திக் கழற்றி ஊதுவோம். ஆகாயத்தில் இறங்கித் தள்ள முடியுமா?

அந்தக் காலத்து விமானங்கள் எல்லாமே பெரும்பாலும் ஓர் இயந்திரத்தை நம்பிப் பறந்தவை. அந்த ஒன்று நின்றால் எல்லாம் முடிந்தது. சிகோர்ஸ்கி யோசித்தார். கொசுவின் மேல் குற்றம் சொல்லி என்ன பயன்? இன்று கொசு, நாளை தூசி, மறுநாள் ஒரு குழாய் வெடிக்கும். இயந்திரம் என்றால் என்றாவது ஒருநாள் நிற்கத்தான் செய்யும். நிற்காத இயந்திரத்தைத் தேடுவதைவிட, இயந்திரம் நின்றாலும் விழாத விமானத்தைக் கட்டுவதுதானே புத்திசாலித்தனம்?

இதுதான் அந்தக் கொசு கொடுத்த கேள்வி. விடை: ஒரு விமானத்துக்குப் பல இயந்திரங்கள். ஒன்று நின்றால் மற்றவை சுமக்க வேண்டும்.

'முடியாது' என்றவர்கள்

1912-ல் சிகோர்ஸ்கியின் ஆறாவது விமானம் மாஸ்கோ கண்காட்சியில் உயர்ந்த பரிசைப் பெற்றது. அதே ஆண்டு ராணுவம் நடத்திய போட்டியிலும் அவர் விமானமே வென்றது. ருஷ்ய-பால்ட்டிக் தொழிற்சாலை என்ற பெரிய நிறுவனம் அவரை அழைத்து, பீட்டர்ஸ்பர்க் நகரில் இருந்த தன் விமானப் பிரிவுக்குத் தலைமைப் பொறியாளர் ஆக்கியது. ரயில் பெட்டிகள் செய்து பெயர் பெற்ற நிறுவனம் அது. அப்போது அவருக்கு வயது 23!

அந்த நிறுவனத்தின் தலைவர் மிகயீல் ஷித்லோவ்ஸ்கி என்பவர். நான்கு இயந்திரங்கள் கொண்ட மாபெரும் விமானம் பற்றிய தம் எண்ணத்தைச் சிகோர்ஸ்கி அவரிடம் சொன்னார். வயதில் மூத்த ஷித்லோவ்ஸ்கி, 'சின்னப் பையன் உளறுகிறான்' என்று தட்டிக்கழிக்கவில்லை. பொறுமையாகக் கேட்டார். உடனே வேலையைத் தொடங்கச் சொல்லிவிட்டார்.

ஆனால் விமானம் அறிந்த மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். அவர்கள் சொன்ன தடைகள் மூன்று.

முதலாவது, இவ்வளவு பெரிய இயந்திரம் எழும்பவே எழும்பாது. எழும்பினாலும் அதைக் கட்டுப்படுத்த மனிதனால் ஆகாது என்றார்கள். 

இரண்டாவது, ஒரு பக்கத்து இயந்திரம் நின்றால், மறு பக்கத்து இயந்திரம் விமானத்தை அப்படியே சுற்றி வீழ்த்திவிடும் என்றார்கள். ஒரு படகில் இருவர் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் துடுப்புப் போடுகிறார்கள். ஒருவர் கையை எடுத்துவிட்டால் படகு என்ன ஆகும்? வட்டமடிக்கும் அல்லவா? அதே கணக்குத்தான்.

மூன்றாவது தடை இன்று நமக்கு வேடிக்கையாக இருக்கும். விமானியை அடைத்த அறைக்குள் உட்கார வைத்தால் அவனால் ஓட்டவே முடியாதாம்! அந்தக் காலத்து விமானிகள் திறந்த வெளியில், காற்று முகத்தில் அறைய உட்கார்ந்து ஓட்டினார்கள். காற்று எந்தக் கன்னத்தில் படுகிறது என்பதை வைத்தே விமானம் எந்தப் பக்கம் சரிகிறது என்று தெரிந்துகொண்டார்கள். கண்ணாடி அறைக்குள் அமர்ந்தவன் குருடன் போல ஆகிவிடுவான் என்பது அவர்கள் வாதம்.

இந்த மூன்று தடைகளும் முட்டாள்கள் சொன்னவை அல்ல, வாசகர்களே. அனுபவம் உள்ளவர்கள் சொன்னவை. அதனால்தான் அவற்றைப் பேச்சால் வெல்ல முடியாது. பறந்துகாட்டித்தான் வெல்ல வேண்டும்.

பறக்கும் வீடு

விமானம் வளர்ந்தது. மேல் இறக்கையின் அகலம் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை 27 மீட்டர். அது எவ்வளவு என்று மனக்கண்ணில் பார்க்க வேண்டுமா? இரண்டு பூப்பந்து ஆடுகளங்களை நீளவாக்கில் ஒட்டி வையுங்கள். ஏறக்குறைய அந்த அளவு! ஏற்றிய சுமையோடு அதன் எடை நான்கு டன்னுக்கும் மேல். நூறு குதிரைசக்தி கொண்ட ஜெர்மன் நாட்டு ஆர்கஸ் இயந்திரங்கள் அதற்குப் பூட்டப்பட்டன. தரையில் ஓடுவதற்குப் பதினாறு சக்கரங்கள்.

உள்ளே போய்ப் பார்ப்போமா? முன்னால், கப்பலின் முகப்பைப் போலத் திறந்த மேடை ஒன்று. ஆள் நின்று வேடிக்கை பார்க்கலாம். அதற்குப் பின் கதவு. கதவைத் திறந்தால் கண்ணாடிச் சன்னல்கள் வைத்த விமானி அறை. அதில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து ஓட்ட இரட்டைக் கட்டுப்பாடுகள். அதற்கும் பின்னால் பயணிகள் அறை. அதில் பிரம்பு நாற்காலிகள், ஒரு சோபா, ஒரு சிறு மேசை. அதற்கும் அப்பால் கை கழுவிக் கால் கழுவ ஒரு சிறு அறை! கழிப்பறை வைத்த விமானத்தை 1913-ல் யார் கண்டார்கள்?

முதலில் இரண்டு இயந்திரங்களை மட்டும் பூட்டிப் பார்த்தார்கள். சக்தி போதவில்லை. பிறகு அவற்றின் பின்னால் இன்னும் இரண்டைச் சேர்த்தார்கள். பிறகு நான்கையும் கீழ் இறக்கையின் முன்விளிம்பில் வரிசையாக வைத்தார்கள். அப்படி வைத்த வடிவத்தில்தான் 'ருஷ்ய வீரன்' பெயர் பெற்றது.

1913 மே மாதத்தில், நான்கு இயந்திரங்களோடு, பீட்டர்ஸ்பர்க்கில் கூடியிருந்த மக்களின் கண்முன்னே அந்த மாளிகை மெல்ல அசைந்தது, ஓடியது, தரையை விட்டு எழுந்தது. ஓட்டியவர் சிகோர்ஸ்கியேதான். கண்ணாடி அறைக்குள் இருந்தவர் 'குருடன்' ஆகிவிடவில்லை. வட்டமிட்டுவிட்டுப் பத்திரமாக இறக்கினார். முதல் தடையும் மூன்றாவது தடையும் அன்றே உடைந்தன.

ஒரு பக்கம் நின்றால்?

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய தடை இரண்டாவதுதானே? ஒரு பக்கத்து இயந்திரம் நின்றால் என்ன ஆகும்? இதைச் சோதிக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. ஆகாயத்தில் இருக்கும்போதே வேண்டுமென்றே இயந்திரத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும்!

சிகோர்ஸ்கி அதையும் செய்தார். ஓர் இயந்திரத்தை நிறுத்தினார். ஒரே பக்கத்தில் இருந்த இரண்டையும் நிறுத்தினார். விமானம் ஒரு பக்கமாகத் திரும்பப் பார்த்தது. வால் சுக்கானை எதிர்ப்பக்கம் திருப்பி அதை நேராக்கினார். 'ருஷ்ய வீரன்' சுற்றி விழவில்லை. நொண்டியபடியே தன் வழியில் போனான்.

படகு உவமையை மறுபடி நினைத்துப் பாருங்கள். ஒருவர் துடுப்பை விட்டுவிட்டாலும், பின்னால் இருப்பவர் சுக்கானைப் பிடித்து நேராக்கினால் படகு கரை சேரும் அல்லவா? நடு உடலுக்கு அருகிலேயே இயந்திரங்களை வைத்தால், ஒன்று நின்றாலும் இழுப்பு சிறிதாகத்தான் இருக்கும்; சுக்கானால் சமாளித்துவிடலாம். சிகோர்ஸ்கியின் கணக்கு சரியாகவே இருந்தது.

அந்தச் சமயத்தில் இன்னொரு விந்தையும் தெரிந்தது. விமானம் பறக்கும்போதே பயணிகள் எழுந்து அறைக்குள் நடமாடினார்கள். நிலை குலையவில்லை! இன்று நாம் விமானத்தில் எழுந்து கழிப்பறைக்குப் போய் வருகிறோமே, அது ஒரு பெரிய காரியமாக நமக்குத் தோன்றுகிறதா? அன்று அது அதிசயம்.

செய்தி அரண்மனைக்கும் எட்டியது. ஜார் மன்னர் இரண்டாம் நிக்கலஸ் தாமே நேரில் வந்து, விமானத்தில் ஏறிப் பார்த்தார். சிகோர்ஸ்கிக்குத் தங்கக் கடிகாரம் ஒன்றைப் பரிசளித்தார். 1913 ஆகஸ்டு 2-ஆம் நாள் எட்டுப் பேரைச் சுமந்துகொண்டு 1 மணி 54 நிமிடம் பறந்து, அது உலக சாதனையும் படைத்தது. பன்னிரண்டு வினாடியில் தொடங்கியவர் மூன்றே ஆண்டுகளில் எங்கே வந்துவிட்டார் பாருங்கள்!

வானத்திலிருந்து விழுந்த இயந்திரம்

இனித்தான் விதியின் விளையாட்டு. 1913 செப்டம்பரில் ராணுவ விமானப் போட்டி ஒன்று நடந்தது. 'ருஷ்ய வீரன்' அங்கே தரையில் அமைதியாக நின்றுகொண்டிருந்தான். மேலே வேறொரு சிறு விமானம் பறந்து வந்தது. ஒற்றை இயந்திரம் கொண்ட விமானம். திடீரென்று அதன் இயந்திரம் கழன்று கீழே விழுந்தது! எங்கே விழுந்தது? நேராக 'ருஷ்ய வீரன்' மேல்!

இறக்கைகள் முறிந்தன. பழுது பார்த்துப் பயனில்லை என்று விட்டுவிட்டார்கள். மேலே பறந்த விமானியோ, இயந்திரமே இல்லாத விமானத்தைச் சறுக்கியபடி இறக்கி உயிர் தப்பினார்.

எதற்காக இந்த விமானம் கட்டப்பட்டது? ஒற்றை இயந்திரத்தை நம்பக்கூடாது என்பதற்காக. எதனால் அழிந்தது? இன்னொருவரின் ஒற்றை இயந்திரத்தால்! சிகோர்ஸ்கி சொன்ன உண்மைக்கு இதைவிடச் சாட்சி வேறு வேண்டுமா?

அவர் உட்கார்ந்து அழவில்லை. ஏற்கெனவே அடுத்த விமானத்தின் வேலை நடந்துகொண்டிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அது பறந்தது. அதற்கு 'இலியா முரோமெத்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். நம் கிராமத்துக் கதைப்பாடல்களில் மதுரை வீரன் வருவது போல, ருஷ்யக் கிராமத்துக் கதைப்பாடல்களில் வரும் பலசாலி வீரன் அவன். 1914 பிப்ரவரியில் பதினாறு பேரையும் ஒரு நாயையும் சுமந்துகொண்டு பறந்தது அது!

தீப்பிடித்த இறக்கை

சோதனைக்காக இயந்திரத்தை நிறுத்திப் பார்ப்பது வேறு. உண்மையாகவே ஆபத்து வருவது வேறு. அந்த நாளும் வந்தது.

1914 கோடையில் சிகோர்ஸ்கியும் இன்னும் மூவரும் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து கீவுக்குப் புறப்பட்டார்கள். ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். ஜொகூர் பாருவிலிருந்து தாய்லாந்து எல்லை வரையுள்ள சாலைத் தூரத்தைக் காட்டிலும் இது மிகவும் அதிகம். வழியில் ஓர் ஊரில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு மீண்டும் எழுந்தபோது, ஓர் இயந்திரத்துக்குப் போகும் பெட்ரோல் குழாய் உடைந்தது. கொட்டிய பெட்ரோலில் தீப்பற்றிக்கொண்டது. இறக்கையோ மரமும் துணியும்!

உடனிருந்தவர்களில் இருவர், பறக்கும் விமானத்தின் இறக்கை மேல் ஏறினார்கள். தங்கள் மேல்கோட்டுகளால் தீயை அடித்து, மூடி அணைத்தார்கள். விமானம் விழவில்லை. மற்ற இயந்திரங்கள் சுமந்தன. பத்திரமாகத் தரையிறங்கிக் குழாயைச் சரி செய்துகொண்டு, மறுபடி எழுந்து கீவ் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பயணத்தில் ஆகாயத்தில் இருந்த நேரம் 14 மணி 38 நிமிடம். பிறகு அதே விமானத்தில் திரும்பியும் வந்தார்கள்.

எந்த ஊரில் அக்காளிடம் பணம் வாங்கிப் பறக்காத ஹெலிகாப்டரைக் கட்டினாரோ, அந்த ஊருக்கு நான்கு இயந்திர விமானத்தில் வந்து இறங்கினார் மகன். பெற்றவர் மனம் எப்படிக் குளிர்ந்திருக்கும்!

போர், பிரிவு, மறுபடியும் ஆரம்பம்

ஆனால் நல்லதற்காகக் கண்டுபிடிப்பவை எல்லாம் நல்லதற்கு மட்டுமே பயன்படுவதில்லை. அந்தப் பயணம் முடிந்த சில நாட்களிலேயே முதல் உலகப் போர் வெடித்தது. பயணிகளுக்கு நாற்காலி போட்ட விமானத்தில் குண்டுகளை ஏற்றினார்கள். எழுபதுக்கும் மேற்பட்ட 'இலியா முரோமெத்ஸ்' விமானங்கள் கட்டப்பட்டு, போரில் குண்டு போடவும் உளவு பார்க்கவும் பறந்தன. அடிபட்டு, இயந்திரம் நின்று, அப்படியும் தளம் திரும்பிய விமானங்கள் பல. கொசு கற்றுக்கொடுத்த பாடம் ஓட்டியவர்களைக் காத்தது. கீழே இருந்தவர்களை யார் காப்பது? இதையும் நாம் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

1917-ல் ருஷ்யப் புரட்சி. ஜார் ஆட்சி கவிழ்ந்தது. அந்த ஆட்சியோடு தொடர்புடையவர்களுக்கு உயிராபத்து. 1918-ல் சிகோர்ஸ்கி தாய்நாட்டை விட்டுக் கிளம்பினார். 1919 மார்ச்சில் நியூயார்க்கில் வந்து இறங்கியபோது, உலகின் முதல் நான்கு இயந்திர விமானத்தைக் கட்டியவரை அங்கே யாருக்கும் தெரியாது. வேலை கிடைக்கவில்லை. தம்மைப் போலவே பிழைக்க வந்த ருஷ்யத் தொழிலாளர்களுக்கு மாலை வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்து வயிற்றைக் கழுவினார்.

பிறந்த மண்ணை விட்டு, கப்பலேறி வந்து, வெறுங்கையோடு வேற்று மண்ணில் வாழ்க்கையைத் தொடங்குவது என்றால் என்ன என்பதை நம் குடும்பங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

1923-ல் நண்பர் ஒருவரின் கோழிப்பண்ணையில் விமானக் கம்பெனி தொடங்கினார். பழைய சாமான் கடைகளில் தேடிப் பாகங்கள் சேர்த்தார்கள். புகழ்பெற்ற ருஷ்ய இசைமேதை ரக்மானினோவ் ஐயாயிரம் டாலர் கொடுத்து உதவினார். அங்கே பிறந்த முதல் விமானத்துக்கும் இயந்திரம் ஒன்றல்ல, இரண்டு! நாடு போனது, சொத்து போனது. பாடம் மட்டும் போகவில்லை.

1931-ஆம் ஆண்டு. அவர் கட்டிய பெரிய கடல் விமானம் ஒன்றில் சிகோர்ஸ்கி பயணியாகப் போய்க்கொண்டிருந்தார். பொழுது சாய்ந்தது. பணியாள் விளக்கைப் போட்டார். நீண்ட நடை... மரத்தாலான சுவர்... காலடியில் மெல்லிய அதிர்வு... மேலே நீல விளக்கொளி... சிகோர்ஸ்கி திகைத்து நின்றுவிட்டார். முப்பது ஆண்டுகளுக்கு முன் சிறுவனாக இருந்தபோது கண்ட கனவுக்குள் அவர் நின்றுகொண்டிருந்தார்!

நம் வானத்திலும் அவர்

ஓரமாக வைத்த ஹெலிகாப்டரையும் அவர் மறக்கவில்லை. 1939 செப்டம்பர் 14-ஆம் நாள், கோட்டும் தொப்பியுமாக அமர்ந்து, தாம் கட்டிய ஹெலிகாப்டரைத் தாமே தரையிலிருந்து கிளப்பினார். அப்போது அவருக்கு வயது 50. 1945 நவம்பரில் அமெரிக்கக் கடற்கரையில் புயலில் சிக்கி உடைந்துகொண்டிருந்த படகிலிருந்து, அவர் கம்பெனி ஹெலிகாப்டர் ஒன்று இருவரைக் கயிற்றில் தூக்கிக் காப்பாற்றியது. உயிரைக் காக்கும் வாகனம் என்பதுதான் ஹெலிகாப்டரைப் பற்றி அவர் வைத்திருந்த ஆசை.

மலாயாவில் அவசரகாலம் நடந்த 1950-களில், காயம்பட்டவர்களைக் காட்டுக்குள்ளிருந்து தூக்கி வந்த ஹெலிகாப்டர்களில் பல சிகோர்ஸ்கி வடிவங்கள்தாம். பின்னர் வந்த 'நூரி' ஹெலிகாப்டரை மறக்க முடியுமா? அரை நூற்றாண்டுக் காலம் மலேசிய ஆகாயப் படையில் உழைத்து, வெள்ளத்தில் தவித்தவர்களுக்கும் உட்புற மக்களுக்கும் உதவி கொண்டுசென்று, 2020-ல் ஓய்வு பெற்றதே, அதுவும் சிகோர்ஸ்கி கம்பெனியின் தயாரிப்புத்தான். அதற்கும் இயந்திரம் இரண்டு!

இகோர் சிகோர்ஸ்கி 1972 அக்டோபர் 26-ஆம் நாள், தமது 83-ஆவது வயதில் காலமானார்.

அடுத்த முறை நீங்கள் விமானத்தில் ஏறினால், சன்னல் வழியாக இறக்கையைப் பாருங்கள். அங்கே ஓர் இயந்திரம் தொங்கும். மறு பக்கம் இன்னொன்று. புறப்பட்டு எழும் நேரத்தில் ஒன்று நின்றுபோனாலும் மற்றொன்றைக் கொண்டு மேலே ஏறிப் பத்திரமாக இறங்க முடியவேண்டும் என்பது இன்று பெரிய பயணி விமானங்களுக்கெல்லாம் சட்டம். அந்தச் சட்டத்தின் வேரைத் தேடிப் போனால், 1913-ல் ஓர் இளைஞர் ஆகாயத்தில் வேண்டுமென்றே இயந்திரத்தை நிறுத்திப் பார்த்த அந்தத் துணிச்சலில் போய் நிற்கும்.

'எனக்கு ஒன்றும் ஆகாது' என்று புறப்படுகிறவன் தைரியசாலி போலத் தெரிவான். 'ஏதாவது ஆகும், ஆனால் என்ன செய்வது?' என்று முன்கூட்டியே யோசிக்கிறவனே உண்மையில் தன்னையும் தன்னை நம்பி வந்தவர்களையும் கரை சேர்க்கிறான். குடும்பம் நடத்துகிற நமக்கும் இது பொருந்தும் அல்லவா? ஒருவர் சம்பளத்தை மட்டும் நம்பியிருக்கும் வீடும், ஒற்றை இயந்திர விமானமும் ஒன்றுதான். கொசு எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்?